ஆதிக்கக் கண்ணுக்குக் கூடுதல் குருதியா? இறப்பர்ப் பால்வெட்டை முன்வைத்து ஒரு விசாரணை

கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனைப் பகுதியில் இறப்பர்ப் பால்வெட்டு விடியலோடு தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் அழுத்தம் கூடுதலாக இருக்கும் என்பது காரணம். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, மரத்தைப் பாதி சுற்றிச் சரிந்து வருகிறது. முந்திய வெட்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் சீவல்தான் எடுக்கலாம். ஆழத்தில் வளர்படைக்கு ஒரு மில்லிமீற்றர் முன்பே கத்தி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டுபவர் காலை மாற்றி வைத்து மரத்தைச் சுற்றுகையில் கத்திமுனை அவர் முகத்துக்கு நேரே நிற்பதில்லை. பார்வைக் கோணம் மாறிக்கொண்டே போகிறது. இந்த வேலையில் எந்தக் கண் வழிநடத்துகிறது? அந்தக் கண்ணுக்கு மற்றதைவிடக் கூடுதல் குருதி பாய்கிறதா? முதற்கேள்விக்கே உறுதியான விடை இல்லாத நிலையில் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்று சொல்வது அவசரம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு கண்ணும் திறந்திருக்கையில் குறிபார்ப்பதற்கு ஒன்றையே மனிதர் தெரிந்தெடுக்கின்றனர் என்பதை இத்தாலிய அறிஞர் போர்த்தா 1593ஆம் ஆண்டு நூலிலேயே பதிவு செய்தார். இன்றைய சோதனையும் எளிது. நடுவில் துளையிட்ட அட்டையை இரு கைகளாலும் நீட்டிப் பிடித்து, தூரத்துப் பொருளைத் துளை வழியே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மறைத்தால் ஆதிக்கக் கண் தெரிந்துவிடும். மூவரில் இருவர் அளவுக்கு வலக்கண்ணர். ஆனால் கோரனும் கப்லனும் 1973இல் காட்டியபடி, குறிபார்ப்பு ஆதிக்கம், இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும்போது வெல்லும் புலனுணர்வு ஆதிக்கம், பார்வைக் கூர்மை ஆதிக்கம் ஆகியவை வெவ்வேறானவை. ஒருவரிடமே அவை ஒத்துப்போக வேண்டியதில்லை. கானும் குரோபர்ட்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகத் தைக்கிறது. பார்வை இடம் வலமாகப் பதினைந்து பாகை அளவில் விலகும்போது குறிபார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். அப்படியானால் ஒரே மரத்தின் ஒரே வெட்டுக்குள் தொழிலாளியின் ஆதிக்கக் கண் இடம் மாறக்கூடும். மூக்குக்கு நேரே ஆறு மீற்றர் தூரத்தில் ஒருமுறை கண்டறிந்த ஆதிக்கத்தை, கைநீளத்தில் செய்யும் இந்த வேலைக்குப் பொருத்திச் சொல்வதற்கு ஆதாரம் போதாது.

உடற்றொழிலியல் நோக்கிலும் ஐயம் வலுக்கிறது. விழித்திரையின் குருதியோட்டம் அங்குள்ள நரம்புக் கலங்களின் தேவையை ஒட்டிக் கூடிக் குறைகிறது. மினுங்கும் ஒளியைக் காட்டினால் நாளங்கள் விரிவது பலமுறை காட்டப்பட்டது. ஆனால் இரு கண்ணும் திறந்திருப்பவரிடம் இரு விழித்திரைகளும் ஏறத்தாழ ஒரே ஒளியைப் பெறுகின்றன. அவற்றின் சமிக்ஞைகள் மூளையின் பார்வைப் புறணியை அடைந்த பிறகே ஒன்று கலக்கின்றன. ஒரு கண்ணுக்கு முன்னுரிமை தரும் தெரிவும் அங்கும் அதற்கு மேலும்தான் நிகழ முடியும். மூளையிலிருந்து விழித்திரைக்குத் திரும்பி வரும் நரம்பிழைகள் மனிதரில் மிகச் சொற்பம். மேலே எடுத்த முடிவுக்காகக் கீழே குருதி கூட வேண்டிய பொறிமுறை எனக்குப் புலப்படவில்லை.

பின் சில அளவீடுகளில் இரு கண்ணுக்கும் இடையே வேறுபாடு ஏன் தென்படுகிறது? அளக்கும் கருவியை நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்று பரவலாக உள்ள ஒளியியல் குறுக்குவெட்டு நாளவரைவு, சாயம் ஏற்றாமலே விழித்திரை நாளங்களைப் படமாக்குகிறது. அது அசையும் குருதி இருக்கும் இடத்தைக் காட்டும். நிமிடத்துக்கு எவ்வளவு பாய்கிறது என்று சொல்லாது. ஓட்டத்தை அளந்தவர்கள் வேறு வழியில் அளந்தனர்: ரீவாவும் துணைவரும் 1985இல் லேசர் டொப்ளர் முறையால் ஒரு விழித்திரைக்கு நிமிடத்துக்குச் சராசரி 33 மைக்ரோலீற்றர் என்றனர். கண்ணின் குருதியில் பெரும்பங்கு விழித்திரைக்குப் பின்னுள்ள கோரொயிட் படலத்துக்கே போகிறது. எனவே நாள அடர்த்தியைக் குருதியோட்டம் என்று எழுதுவது பிழை. அதைத் தலைப்பிலேயே எழுதுவது பெரும்பிழை.

விழிநீளம் இதைவிட நுட்பமான இடர். கருவி எல்லாக் கண்ணும் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம் என்று கொண்டு அளவிடுகிறது. ஒரு கண் அதைவிட 1 மில்லிமீற்றர் நீண்டிருந்தால், விழிநீளத்துக்கேற்பப் பட அளவைத் திருத்தும் பெனற்றின் சமன்பாட்டின்படி, 3 மில்லிமீற்றர்ச் சதுரம் என்று கருவி சொல்வது உண்மையில் 3.14 ஆகும், பரப்பில் 9 வீதம் வேறுபாடு. விழித்திரை மையத்தின் நாளமற்ற வட்டம் நீண்ட கண்ணில் அந்த அளவுக்குச் சிறுத்துத் தெரியும். சிறிய வட்டத்தை நல்ல குருதி வழங்கலின் அடையாளமாகப் படிப்பது வழக்கம். இனி தாய்வானிலிருந்து 2004இல் வந்த முடிவை இதனருகே வைத்துப் பாருங்கள்: இரு கண்ணின் கிட்டப்பார்வை அளவு வெகுவாக வேறுபடுபவர்களில் ஆதிக்கக் கண்ணே கூடுதல் கிட்டப்பார்வை உடையதாக இருந்தது. கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் நீண்ட கண். ஆக, ஒரு துளி குருதியும் கூடாமலே ஆதிக்கக் கண் ‘செழிப்பாக’த் தோன்றிவிடும்! விழிநீளம் திருத்தப்படாத எந்த முடிவையும் இக்காரணத்தால் நான் ஏற்பதில்லை.

பரிசோதனை வரிசையும் கவனிக்கப்படுவதில்லை. மருத்துவ வழக்கத்தில் வலக்கண்ணே முதலில் படமெடுக்கப்படுகிறது. இரண்டாவது கண்ணுக்கு வருகையில் களைப்பும் இமைப்பும் கூடி, படத்தின் தரம் தாழலாம். பெரும்பாலோர் வலக்கண்ணர் ஆதலால் ‘முதற்கண்’ணும் ‘ஆதிக்கக் கண்’ணும் ஒரே நிரலில் விழுந்துவிடுகின்றன. கழுத்து நாடிகளும் சமச்சீரானவை அல்ல: இடப்பக்கத்து நாடி பெருநாடியின் வளைவிலிருந்து நேராகக் கிளைக்கிறது, வலப்பக்கத்தது இன்னொரு கிளை வழியாக. இடம் வலம் என்ற வேறுபாட்டை ஆதிக்கத்திலிருந்து பிரிக்க இடக்கண்ணர் போதிய எண்ணிக்கையில் வேண்டும்.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. கொரியாவில் 2016இல் வெளியான ஆய்வொன்று ஆதிக்கக் கண்ணின் நரம்புக்கலப் படை சற்றுத் தடித்திருப்பதாகச் சொன்னது. சிட்னியின் பள்ளிச் சிறுவரிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு விழித்திரைத் தடிப்பில் வேறுபாடு காணவில்லை. கொரிய முடிவு நிலைத்தாலும் அது இழையத்தின் தடிப்பைப் பற்றியது. குருதிக்கு அதிலிருந்து தாவ முடியாது. குழந்தைப் பருவத்தில் பார்வை வளராத சோம்பல் கண்ணை உதாரணம் காட்டுவதும் பொருந்தாது, அது நோய்நிலை.

ரம்புக்கனைத் தோட்டங்கள் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களம். ஒருவரின் இரு கண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது குருதிச்சோகை, குருதியமுக்கம், விடியல்வேலையின் களைப்பு எல்லாம் இரு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துபோகும். ஆதிக்கத்தைக் கத்தி பிடிக்கும் தூரத்திலும் பக்கக் கோணங்களிலும் சோதிக்க வேண்டும். எந்தக் கண் முதலில் என்பதைக் குலுக்கிப்போட்டு முடிவு செய்ய வேண்டும். விழிநீளத்தை அளக்க வேண்டும். ஓட்டத்தையே அளக்கும் கருவியும் வேண்டும்.

வைத்தியசாலைக்கு இதில் உடனடி அக்கறை உண்டு. ஒரு கண்ணில் குருதி வழங்கல் தெளிவாகக் குறைந்திருக்க, ‘அது ஆதிக்கம் இல்லாத கண், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட இன்றைய அறிவில் இடமே இல்லை. அவ்வாறு விடப்படும் கண்ணில் கழுத்து நாடி அடைப்போ தொடக்கநிலைக் குளுக்கோமாவோ இருக்கக்கூடும். குறிபார்க்கும் கண் நலமாக இருக்கும்வரை மற்றதன் இழப்பைத் தொழிலாளி உணரப் பல மாதம் செல்லும். தோட்ட டிஸ்பென்சரியில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வை அளப்பது அட்டைத் துளைச் சோதனையைவிட முந்திச் செய்ய வேண்டியது; அதற்கு ஓர் எழுத்துப் பலகையும் ஆறு மீற்றர் இடமும் போதும்.