மரச்சீனிக் கம்பும் தேமலும்: பஞ்சம் விளைவிக்காத ஒரு நோயின் வரலாறு

வேளாண் வரலாற்றில் பயிர்நோய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 1845ஆம் ஆண்டின் அயர்லாந்து. உருளைக்கிழங்கைத் தாக்கிய பின்பருவ இலைக்கருகல் நோய், சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களின் சாவுக்கு வழிவகுத்தது. அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் நாட்டை விட்டே கப்பலேறினர். இந்தியாவில் அந்நோய் 1870க்கும் 1880க்கும் இடையில் நீலகிரியில் முதன்முதலாகப் பதிவாயிற்று. அதே மலையில் 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். விதைக்கிழங்கு வெளியே செல்வதைத் தடுக்கும் ஆணைகள் அதைத் தொடர்ந்தன. உருளைக்கிழங்கின் நோய்களுக்கு இவ்வாறு ஆண்டும் உண்டு, பெயரும் உண்டு, கோப்பும் உண்டு.

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் உருளைக்கிழங்கு கடைச்சரக்கு மட்டுமே. அங்கும், பாறசாலை, களியக்காவிளை கடந்து விளவங்கோடு, கல்குளம் வரையிலும் மண்ணுக்குரிய கிழங்கு மரச்சீனி. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி என வழங்குவதும், கேரளத்தின் பிற பகுதிகள் பலவற்றில் கப்ப எனப்படுவதும் இதுவே. இக்கிழங்கைப் பற்றியுள்ள நோய் எந்தப் பஞ்சத்தையும் விளைவிக்கவில்லை. வரலாற்று நூல்களில் அதற்கு இடம் கிடைக்காமைக்கும் அதுவே காரணம்.

மரச்சீனியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த இச்செடியை ஏழைகளின் உணவாகப் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. பின்னர் மலேயாவிலிருந்து வந்த எம்-4 என்னும் இனம், அவித்தால் மாவாகக் குழையும் தன்மையால் வீட்டுத் தோட்டங்களில் நிலைத்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில், அடுப்பு அணையாமல் காத்தது பெருமளவில் இக்கிழங்குதான்.

மரச்சீனிக்கு விதை விதைப்பதில்லை. கிழங்கு பறித்தபின் தண்டை மரநிழலில் சாய்த்து வைத்து, மழை கண்டதும் சாண் அளவுக் கம்புகளாக நறுக்கி நடுவதே வழக்கம். கம்புக்குப் பெரும்பாலும் விலையில்லை. அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்குவது, சம்பந்தி வீட்டிலிருந்து சுமந்து வருவது, நல்ல கிழங்கு கண்டால் வழியில் நின்று இரண்டு தண்டு கேட்பது என்பதே நடைமுறை. ஓர் அரசரின் முயற்சி ஊர்தோறும் வேரூன்றியதில் இந்தக் கொடுக்கல் வாங்கலின் பங்கு, அரண்மனை ஆணைகளின் பங்கைவிடக் குறைவாக இருந்திருக்க முடியாது.

தேமல் நோயும் அதே கைகளின் வழியாகவே பயணம் செய்தது. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை சுருங்கிக் கோணலாகும் இந்நோயை 1894இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வார்பர்க் முதன்முதலாக விவரித்தார். அதைப் பரப்பும் பூச்சி வெள்ளை ஈ என்பது 1930களில் தெளிவாயிற்று. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதற்பதிவாகச் சுட்டப்படுவது 1956இல் வெளியான ஆபிரகாமின் கட்டுரை. மொழிவழி எல்லை தென் திருவிதாங்கூரை இரண்டாகப் பிரித்ததும் அதே ஆண்டில்தான். இது வெறும் தற்செயல். ஆயினும், ஒரே வகைக் கம்பை நட்டுவந்த உறவினர் இரண்டு மாநிலங்களின் வேளாண் துறைகளுக்கு உட்பட்டது அப்போதிருந்துதான்.

இங்கு வியப்புக்குரியது ஒன்றுண்டு. மரச்சீனியின் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் இத்தேமல் கிடையாது. ஆப்பிரிக்காவில் உள்ள வைரசுகள் வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவை வேறு. ஆகவே கிழங்கு நோயைச் சுமந்துகொண்டு கடல் தாண்டவில்லை. வந்து சேர்ந்த மண்ணில், முன்பே ஏதோ ஒரு செடியில் குடியிருந்த வைரசை வெள்ளை ஈ இந்தப் புதிய விருந்தாளிக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் விளக்கம். அந்நியப் பயிர் அந்நிய நோயைக் கொண்டுவந்தது என்னும் எளிய கதை இங்குப் பொருந்தாது.

ஈ தொற்றைத் தொடங்கி வைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு காப்பாற்றி வைப்பது கம்பு. வளர்ந்த செடியில் ஈயால் தொற்றும் நோயைவிட, நோயுற்ற கம்பிலிருந்தே முளைக்கும் செடியில் விளைச்சல் இழப்பு மிகுதி. ஆனால் கம்பைக் கையில் வாங்கும் வேளையில் அதில் இலை இல்லை. தேமல் தெரிவது இலையில் மட்டுமே என்பதால், நோயுள்ள கம்பும் நோயற்ற கம்பும் கண்ணுக்கு ஒன்றே. உழவரின் அறியாமையே நோயைப் பரப்பியது என்று எழுதுவோர் இந்த எளிய உண்மையைக் கவனிப்பதில்லை. போர்க்கால நெருக்கடியில் கிடைத்த கம்பையெல்லாம் நட்டபோது தேமலும் பெருகியிருக்கும் எனக் கருத இடமுண்டு. பசித்த வீட்டில், செடி பட்டுப்போகாமல் கிழங்கு மட்டும் சற்றுச் சிறுத்தால், அதை நோய் என்று யார் முறையிடுவார்?

1963இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1971இல் வெளியான எச்-165, எச்-226 ஆகிய கலப்பினங்கள் சேலம் பகுதியின் சவ்வரிசி ஆலைகளுக்கு உரிய கிழங்காயின. விளைச்சல் மிகுந்த எச்-226 தேமலுக்கு எளிதில் இரையாவது. எம்-4 நோயைச் சுமந்தும் ஓரளவு விளைந்தது. புதிய இனத்தில் அந்தப் பொறுமை இல்லை. எதிர்ப்புத்திறன் கொண்ட ஸ்ரீ பத்மநாபா, நைஜீரியாவின் இபாதான் ஆய்வு நிலையத்திலிருந்து பெற்ற இனம். திருவனந்தபுரத்துத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அக்கிழங்கு பரிந்துரைக்கப்பட்டது தமிழ்நாட்டுக்கு. கம்பை முதலில் நாற்றங்காலில் நெருக்கி நட்டு, தளிரில் தேமல் கண்டவற்றைக் களைந்தபின் தோட்டத்தில் நடும் முறையையும் அந்நிலையம் வகுத்தது. எதிர்ப்பினத்தைத் தேடுவதைவிட இதுவே நோயின் வழியைச் சரியாக மறித்த முறை. இலையில்லாத கம்பை இலை காட்டவைத்த முறை.

மாவுப்பூச்சியின் கதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்டுத் தமிழகத்தில் விரைந்து பரவியது. குருத்தைக் கருக்கிச் செடியை முடக்கும் பூச்சி அது, பார்த்தவர் பதறினர். 1980களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவி பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இடைவெளி இரண்டே ஆண்டுகள். தேமலுக்கு இத்தகைய அவசரம் ஒருபோதும் வாய்த்ததில்லை.

அது இன்னும் பயணத்தில் இருக்கிறது. இலங்கையின் பெயர் தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு 2015இல் கம்போடியாவிலும், 2017இல் வியத்நாமிலும், 2018இல் தாய்லாந்திலும் கண்டறியப்பட்டது. வங்கக் கடலை வெள்ளை ஈ தானாகக் கடந்திருக்க முடியாது. அங்கும் வயலிலிருந்து வயலுக்குக் கட்டுக்கட்டாகச் செல்வது கம்புதான்.