பிரீநோட் அரட்டை வலையமைப்பும் கட்டற்ற மென்பொருள் சமூகங்களும்

பிரீநோட் என்பது கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்திவந்த இணைய அரட்டை வலையமைப்பு ஆகும். உபுண்டு, விக்கிமீடியா, ஜென்டூ முதலிய பல திட்டங்களின் பங்களிப்பாளர்கள் நெடுங்காலம் அங்கேயே கூடிப் பேசினர். 2021 மே மாதத்தில், சில வாரங்களுக்குள், இத்திட்டங்கள் அதை விட்டு வெளியேறின. தன்னார்வத் திட்டமொன்று தனது உரையாடல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வசதியை மட்டுமன்றி, அந்த இடம் யார் கையில் உள்ளது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

ஐஆர்சி எனப்படும் அரட்டை முறையை 1988 இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் உருவாக்கினார். அதன் நெறிமுறை 1993 இல் பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. எவரும் அதற்கான வழங்கியையோ செயலியையோ எழுதலாம். மெதுவான இணைப்பிலும் அது இயங்கும். வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் நிரல் எழுதியவர்களுக்கு இது மிகவும் பொருந்தியது.

லினக்ஸ் பயனர்களுக்கு உதவ ராப் லெவின் 1990களில் தொடங்கிய முயற்சியே வளர்ந்து, 2002 இல் பிரீநோட் என்ற பெயரைப் பெற்றது. 2006 இல் அவர் விபத்தொன்றில் இறந்த பின்னரும் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினர்.

டெபியனின் வழி

டெபியன் திட்டம் தனது அரட்டை முகவரியைத் தன் சொந்த இணையப் பெயரின் கீழேயே வைத்திருந்தது. அம்முகவரி எந்த வலையமைப்பைச் சுட்டவேண்டும் என்பதைத் திட்டமே முடிவு செய்தது. 2006 ஜூனில் அது பிரீநோடிலிருந்து ஓஎஃப்டிசி வலையமைப்புக்கு மாறியபோது, சுட்டும் இடம் மட்டுமே மாற்றப்பட்டது. பயனர்கள் அறிந்திருந்த முகவரி மாறவில்லை.

2021 ஆம் ஆண்டுப் பிளவு

பிரீநோடின் பெயரில் இருந்த நிறுவனம் 2017 இல் தொழில்முனைவர் ஆண்ட்ரூ லீயின் கைக்குச் சென்றது. அன்றாட வேலைகளைத் தன்னார்வலர்களே கவனித்ததால் பயனர்களுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2021 இல் வலையமைப்பின் கட்டுப்பாடு பற்றித் தகராறு எழுந்தது. உரிமை தன்னுடையதே என்றார் லீ. ஒப்பந்தத்தின் விவரம் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றனர் தன்னார்வலர்கள். மே 19 அன்று அவர்களுள் பலர் விலகி, லிபெரா சாட் என்னும் புதிய வலையமைப்பை அறிவித்தனர்.

அடுத்த வாரம், தலைப்பில் லிபெரா பெயரைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அரட்டை அறைகளைப் பிரீநோட் நிர்வாகம் தன்வசமாக்கியது. பல ஆண்டுகள் தாங்கள் பராமரித்த அறையின் சாவி தங்களிடம் இல்லை என்பதைச் சமூகங்கள் அப்போதுதான் உணர்ந்தன. தயங்கி நின்ற பல திட்டங்களும் அதன்பின் வெளியேறின. ஜூனில் பிரீநோடின் பழைய பயனர் பதிவுகளும் அறைப் பதிவுகளும் கைவிடப்பட்டன.

இடமாற்றம் விரைவாக நடந்ததற்குத் திறந்த நெறிமுறையே காரணம். பழைய செயலிகளும் கட்டளைகளும் புதிய இடத்திலும் அப்படியே இயங்கின. ஆயினும் பெயர்களை மீண்டும் பதியவும், உதவிப் பக்கங்களில் சிதறிக் கிடந்த பழைய முகவரிகளைத் தேடித் திருத்தவும் வேண்டியிருந்தது.

திறந்த நெறிமுறையின் வரம்பு

நெறிமுறை திறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. ஐஆர்சியில் இணைப்பில் இல்லாதவருக்கு அந்நேர உரையாடல் பொதுவாகக் கிடைப்பதில்லை. புதியவர்களுக்கு அது கடினமாக இருந்தது. தொல்லை தருவோரைத் தடுப்பதும் எளிதாக இல்லை. இத்தகைய காரணங்களால், தனக்கென ஐஆர்சி வழங்கி வைத்திருந்த மொசில்லா 2020 இல் அதை மூடியது. மாற்றுகள் சிலவற்றைச் சோதித்த பின் அது தேர்ந்தெடுத்த மேட்ரிக்ஸும் திறந்த நெறிமுறையே ஆகும்.

லிபெரா சாட் சுவீடனில் இலாப நோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அதை நடத்தும் தன்னார்வலர்களே அதன் உறுப்பினர்கள். தனியொருவர் விற்கவோ வாங்கவோ இயலாத அமைப்பாக அது இருக்கவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.