கச்சேரி ஒலிப்பதிவு

அவையோர் முன் நடக்கும் இசை நிகழ்ச்சியை அது நடக்கும்போதே பதிந்து வைப்பது கச்சேரி ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரை உட்காரவைத்து, பிசகினால் மறுபடி பாடச் சொல்லி எடுக்கும் இசைத்தட்டின் வழி வேறு. இதன் வழி வேறு. இங்கே தொண்டை கட்டியிருந்தால் கட்டியதுதான், தந்தி அறுந்தால் அறுந்ததுதான். மேலை நாடுகளில் இத்தகைய பதிவுகளை இசைத்தட்டு நிறுவனங்களே திட்டமிட்டு எடுத்து விற்றன. தமிழ்நாட்டில் நெடுங்காலம் அந்த வேலையைப் பார்த்தவர்கள் ரசிகர்கள். கர்நாடக இசையின் மிகச் சிறந்த கச்சேரிப் பதிவுகள் பலவும் விற்பனைக்கென்று எடுக்கப்பட்டவை அல்ல.

பாட்டு நிற்க, இசை மறைந்துபோகும் கவலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உமாபதி சிவம் இயற்றியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணம் ஒரு செய்தியைத் தருகிறது. தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் மீட்டான். எழுத்து கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதை அறிய அவர்கள் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போக வேண்டியிருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்முறையை வகுத்துக் கொடுத்தார். இன்று இராஜேந்திரப்பட்டினம் எனப்படும் அந்த ஊர் விருத்தாசலத்துக்குத் தெற்கே உள்ளது.   புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஏடு காப்பாற்றாததை ஒரு மனிதத் தொண்டை காப்பாற்றியது என்ற நினைவு அதில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி வரும்வரை இசைக்கு வேறு காப்பு இருந்ததில்லை.

இசைத்தட்டுப் பதிவு 1902-இல் இந்தியாவுக்கு வந்தது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் அவ்வாண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்தார்; சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகர்களும் தட்டில் ஏறினர். ஆனால் தட்டின் ஒரு பக்கம் ஓடியது மூன்று, நான்கு நிமிடம். கச்சேரி மூன்று, நான்கு மணி நேரம். ஆலாபனையைக் கிள்ளி, நிரவலை விட்டு, கீர்த்தனையை ஓட்டமாகப் பாடி முடிப்பதே தட்டின் இலக்கணம் ஆயிற்று. இரவு முழுக்க வீதியுலாவில் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டில் சில நிமிடங்களுக்குள் அடங்கியது. அது கொண்டாடப்பட்டது நியாயமே. ஆனாலும் அவர் கோயில் வாசலில் வாசித்த தோடி அதுவல்ல.

1948-இல் வந்த நெடுந்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. அப்போதும் ராகம் தானம் பல்லவி முழுசாக அடங்கவில்லை. நிலைமையை மாற்றியது காந்த நாடா. ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா இருக்கும். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் ஒரு பக்கம் 32 நிமிடம்; வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிடம். நாடாவின் விலைக்கு அஞ்சியவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். தம்புராவின் மீட்டலும் மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் மங்கின. தனி ஆவர்த்தனத்தின் நடுவே ஸ்பூல் தீர்ந்துபோவதும் உண்டு. பழைய பதிவுகளில் கோர்வை பாதியில் அறுபட்டு, அடுத்த நாடா கைதட்டலில் தொடங்குவதை அடிக்கடி கேட்கலாம்.

ஆனாலும் அந்த நாடாக்கள் இல்லையென்றால் ஒரு தலைமுறையின் பாட்டை நாம் தட்டுகளை வைத்து எடைபோட்டிருப்போம். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், எம்.டி. ராமநாதன் ஆகியோரின் மனோதர்மம் சபாக்களிலும் கல்யாணங்களிலும் ரசிகர்கள் எடுத்த பதிவுகளில்தான் விரிவாகக் கிடைக்கிறது. மதுரை மணி ஐயரின் ஸ்வரக் கோவைகளைத் தட்டில் மட்டும் கேட்டவருக்கு அவர் யார் என்றே முழுக்கத் தெரியாது.

பதிவின் தரம் எங்கிருந்து ஒலியை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே கம்பி இழுத்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒலிபெருக்கிக்குத் தேவைப்படாத வாத்தியம் அதில் இருக்காது, அவையும் இருக்காது. முன் வரிசையில் தனி மைக் வைத்தால் அரங்கின் கார்வை, ‘ஆகா’, ‘பலே’, குழந்தையின் அழுகை எல்லாமே வந்துவிடும். மிருதங்கம் பக்கம் உட்கார்ந்தவரின் பதிவில் வயலின் எங்கோ தூரத்தில் கேட்கும். கம்பி வழி ஒலியையும் தனி மைக் ஒலியையும் கலந்து எடுத்ததே நல்ல பதிவு. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியையே விரும்பாதவர். மைக் இல்லாமல் கச்சேரி நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். இன்று பல சபாக்களில் கடத்தையும் வயலினையும் காது வலிக்கும் அளவுக்கு ஏற்றி வைப்பதைப் பார்க்கும்போது அவர் பக்கம் நியாயம் இருந்ததாகவே படுகிறது.

ஒலிச் சமநிலை தெரிந்து பதிந்தவர்கள் வானொலிக்காரர்கள். திருச்சி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. சிதம்பரம் பக்கத்து வீடுகளுக்குக் கச்சேரி என்றால் பல காலம் அந்த அலைவரிசைதான். அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியை 1952-இலும், அழைக்கப்பட்ட அவையோர் முன் நடக்கும் வானொலி சங்கீத சம்மேளனத்தை 1954-இலும் தொடங்கியது. வானொலிக் கூடத்தில் எடுத்த பதிவில் ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் நிற்கும், அவை மட்டும் இராது. சம்மேளனப் பதிவுகளில் இரண்டும் சேர்கின்றன. திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையின் பஞ்சரத்ன நேரடி ஒலிபரப்பும் இந்த மரபைச் சேர்ந்ததே. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் அதில் ஒலித் தரம் தேடுபவர் ஏமாறுவார்.

சிதம்பரத்தின் பங்கு பதிவில் குறைவு, பதிவதற்குரிய இசையை வளர்த்ததில் அதிகம். 1929-இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றோர் பணியாற்றினர். 1941-இல் அங்கே நடந்த தமிழிசை மாநாடு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டது. சிதம்பரம் கோயிலின் நாட்டியாஞ்சலி விழா 1981-இல் தொடங்கியது. தேவாரத்துக்கு வரும்போது தருமபுரம் ப. சுவாமிநாதனின் பதிவுகளே பலருக்கும் அளவுகோல். அவை பெரும்பாலும் கூடத்தில் பதியப்பட்டவை. கோயில் மண்டபத்தில் ஓதுவார் பாடுவதை அதன் எதிரொலியோடு பதிந்து வெளியிட்டவை சொற்பம். கல் மண்டபத்தில் மைக் வைப்பது கடினம் என்பது ஒரு காரணம். யாரும் அதை ஒரு பொருட்டாக எண்ணாததும் காரணம்.

கடல் கடந்த மேடைகளில் நிலைமை வேறு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார்; ராதா விஸ்வநாதன் உடன் பாடினார். கார்னகி ஹாலில் எம்.எஸ். பாடியது நெடுந்தட்டாகவே வந்தது. ரவி சங்கர் கலந்துகொண்ட வங்கதேச நிதிக் கச்சேரி 1971 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க்கில் நடந்தது; சுருதி சேர்த்ததையே பாட்டென்று நினைத்து அவை கைதட்டியது அந்தத் தட்டில் பதிவாகியிருக்கிறது. கூடத்தில் எடுத்திருந்தால் முதலில் வெட்டியிருப்பார்கள். ஜான் மெக்லாக்லினின் சக்தி குழு தன் முதல் தட்டையே 1975 ஜூலை 5-இல் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் பதிந்தது. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம் நான்கும் தனித்தனியே காதில் விழும் பதிவு அது. நம் ஊர்க் கச்சேரிகளில் அந்தக் காலத்தில் கடத்துக்கு அவ்வளவு தெளிவு கிடைத்ததில்லை.

ஜாஸ் உலகிலும் இதே பாடுகள் உண்டு. பென்னி குட்மன் 1938 ஜனவரி 16-இல் கார்னகி ஹாலில் நடத்திய கச்சேரியின் பதிவு மறந்துபோய்க் கிடந்து 1950-இல்தான் வெளிவந்தது. டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் கச்சேரியில் பால் கொன்சால்வஸ் நெடிய சாக்ஸபோன் வாசிப்பைத் தவறான மைக்கின் முன் நிகழ்த்திவிட்டார். அது வானொலி நிலையத்தின் மைக். தட்டை வெளியிட்ட நிறுவனம் சில பகுதிகளைக் கூடத்தில் மறுபடி எடுத்துக் கைதட்டலை ஒட்டவைத்தது. வானொலி நாடா கிடைத்து, இரண்டும் இணைக்கப்பட்டு, 1999-இல் உண்மையான கச்சேரி வெளியாயிற்று.

ஒலிநாடாப் பேழை வந்தபின் தமிழ்நாட்டிலும் ‘நேரடிக் கச்சேரி’ என்ற அட்டையோடு நிறுவனங்கள் வெளியிடத் தொடங்கின. குறுந்தகட்டுக் காலத்தில் சென்னையின் சார்சூர் நிறுவனம் மார்கழி சீசன் கச்சேரிகளை வாத்தியம் வாத்தியமாகத் தனித் தடத்தில் பதிந்து, பிறகு சமன்செய்து தொடராக வெளியிட்டது. அவற்றில் அவையின் சலசலப்பு மட்டுப்பட்டிருக்கும். சிலருக்கு அது குறை.

பழைய ஸ்பூல்களின் நிலை கவலைக்குரியது. அசிட்டேட் நாடா காடி வாசம் வீசத் தொடங்கினால் சுருங்கி உடைந்துபோகும்; அதற்குமுன் எண்முறைக்கு மாற்றியாக வேண்டும். சென்னையில் சம்பிரதாயா காப்பகமும் மியூசிக் அகாடமியின் டாக் ஒலிக் காப்பகமும் அந்தப் பணியைச் செய்தன. அகாடமியில் போய் உட்கார்ந்துதான் கேட்க முடியும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1994-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு உரிமை தந்தது. 1999-இல் அதன் காலம் 25 ஆண்டிலிருந்து 50 ஆண்டாக உயர்ந்தது. பதிந்த ரசிகரிடம் நாடா இருக்கலாம். அதை விற்க வேண்டுமானால் பாடியவரும் பக்கவாத்தியக்காரர்களும் இசைய வேண்டும். இணையத்தில் இப்போது உலவுபவற்றில் பெரும்பகுதிக்கு அந்த இசைவு கிடையாது. அவற்றில் பலவற்றில் பக்கவாத்தியக்காரர் பெயர்கூட இல்லை.