பாய்மரமாகாத நத்தார் மரம்

கொழும்பின் புறநகர்களிலும் மலையக நகரங்களிலும் வீட்டு முற்றங்களில் ஓர் ஊசியிலை மரத்தைக் காணலாம். நேரான தண்டு, அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஒரே மட்டத்தில் விரியும் கிளைகள், சற்று இடைவெளி விட்டு மேலே மற்றுமோர் அடுக்கு. ஆண்டு முழுவதும் பச்சை மாறாதது. பூக்கன்று விற்போர் இதனை "நத்தார் மரம்" என்பர். விபரம் தெரிந்தவர்கள் நோபோக் தீவு பைன் என்பர். உண்மையில் இது பைன் இனத்தைச் சேர்ந்ததன்று. அரவ்காரியா என்னும் தனிக் குடும்பம். அக்குடும்பப் பெயர், இதன் உறவு மரமொன்று வளரும் சிலி நாட்டின் அரவ்கோ பிரதேசத்திலிருந்து வந்தது.

அழகுக்காக மட்டும் நாம் நடும் இம்மரம், ஒரு காலத்தில் பேரரசொன்றின் கடற்படைக் கனவைச் சுமந்து நின்றது.

1774ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கப்டன் ஜேம்ஸ் குக் தமது இரண்டாவது கடற்பயணத்தில் நியூ கலிடோனியாவின் தெற்குக் கரையை அண்மித்தபோது, தொலைவில் உயர்ந்து நின்ற மெல்லிய தூண்கள் கண்ணிற் பட்டன. கப்பலிலிருந்த இயற்கை அறிஞர்கள் அவற்றைக் கருங்கல் தூண்கள் என்றனர். குக் மரங்கள் என்றார். கரையை நெருங்கியதும் குக் சொன்னதே சரியாயிற்று. அம்மரமே இன்று குக் பைன் எனப்படுகிறது. குக் கண்டு "கண்டுபிடிப்பதற்கு" முன்னரே அந்நாட்டுக் கனாக் மக்கள் அதைத் தமது சடங்கு வீடுகளுக்குச் செல்லும் பாதையோரங்களில் தென்னையுடன் சேர்த்து நட்டு வந்தார்கள் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். சில வாரங்களில், ஒக்டோபர் 10ஆம் திகதி, ஆளில்லாத் தீவொன்றை அடைந்த குக், அங்கே அதன் நெருங்கிய உறவான மற்றொரு மரம் காடாய் நிற்கக் கண்டார். தீவுக்கு நோபோக் எனப் பெயரிட்டார். கப்பலுக்குப் பாய்மரம் செய்ய உகந்த மரம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சியின் பொருளை இன்று விளங்கிக்கொள்வது சற்றுக் கடினம். அன்று போர்க்கப்பலுக்குப் பாய்மரம், இன்றைய இராணுவத்துக்கு எரிபொருளைப் போன்றது. பிரித்தானியா தனக்கு வேண்டிய பெருமரங்களைப் பால்டிக் கரையிலிருந்தும் வட அமெரிக்கக் காடுகளிலிருந்தும் பெற்றது. 1783இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவிப் போயின. பால்டிக் வழி எந்தப் போரிலும் மூடப்படலாம். அவுஸ்திரேலியக் குடியேற்றத்தின் நோக்கம் கைதிகளை அகற்றுவது மட்டுமா, அல்லது மரமும் பாய்த்துணிக்கான நாரும் அதற்குக் காரணங்களா என்ற விவாதத்தை ஜெப்ரி பிளேனி 1966இல் வெளியான தமது நூலில் எழுப்பினார். வரலாற்றாசிரியர்கள் இன்னும் உடன்படவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலாவது கப்பற்றொகுதி சிட்னியில் இறங்கியது 1788 ஜனவரி 26இல். ஆறு வாரங்கூடக் கழியாத நிலையில், மார்ச் 6ஆம் திகதி, பிலிப் கிட்லி கிங் 15 கைதிகளையும் சில அலுவலர்களையும் கொண்டு நோபோக் தீவில் இறங்கிவிட்டார். உண்ண உணவில்லாத ஒரு குடியேற்றம் இத்தனை அவசரப்பட்டது ஏன்? மரத்தின்மீது கண் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரம் ஏமாற்றியது. பாய்மரத்துக்கு வேண்டிய வளைந்து நிமிரும் வலு அதனிடம் இருக்கவில்லை, முறிந்தது. கிளைகள் வட்டமாக ஒரே மட்டத்தில் முளைப்பதால் தண்டினுள்ளே முடிச்சுகளும் ஒரே வளையமாக அமைகின்றன. முற்றத்தில் நாம் எந்த அடுக்கழகை மெச்சுகிறோமோ, அதுவே பலகைக்குப் பலவீனம்.

விலை கொடுத்தவர்கள் கைதிகளே. 1790 மார்ச் 19இல் 'சிரியஸ்' கப்பல் தீவின் பவளப்பாறையில் மோதிச் சிதைந்தபின், அங்கு சிக்கிய மக்கள் மலையில் கூடுகட்டிய கடற்பறவைகளைத் தின்று உயிர் பிழைத்தனர். சில மாதங்களில் கொல்லப்பட்டவை 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகம். அப்பறவையினம் அத்தீவிலிருந்து பின்னர் அற்றுப்போயிற்று. ஆயினும் மரத்துக்கும் ஒரு புகழ் எஞ்சியது. அங்கே அதைக்கொண்டு கட்டப்பட்ட 25 தொன் அளவிலான 'நோபோக்' என்ற சிறு கப்பலிலேயே 1798-99இல் பாஸும் பிளிண்டர்ஸும் தஸ்மேனியாவைச் சுற்றிவந்து, அது தனித்தீவு என நிறுவினர்.

1814இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. 1825இல் கொடுஞ்சிறையாக மீண்டும் திறக்கப்பட்டு 1855இல் மூடப்பட்டது. மறு ஆண்டு, 'பவுண்டி' கப்பற் கலகக்காரரின் சந்ததியார் 194 பேர் பிட்கேன் தீவிலிருந்து வந்து குடியேறினர். தீவின் கொடியில் நடுவே நிற்பது இந்த மரமே.

கடற்படைக்கு உதவாத மரம் பூங்காக்களைப் பிடித்துக்கொண்டது. உப்புக்காற்றைத் தாங்குவதால் கடற்கரைகளுக்கு ஏற்றதாயிற்று. சிட்னியின் மான்லி கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடப்பட்டவை, 1960களிலும் 70களிலும் கருகத் தொடங்கின. கடலில் விடப்பட்ட கழிவுநீரின் சவர்க்காரப் பொருட்கள் அலைத்துளிகளோடு இலைகளிற் படிந்து, அவற்றின் மெழுகுக் காப்பைக் குலைத்து, உப்பை உள்ளே விட்டன. உப்பு மட்டுமெனில் மரம் தாங்கியிருக்கும்.

இலங்கையில், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவில் குக் பைன் மரங்களுக்கென ஒரு சாலையே உண்டு. அங்கு மரங்கள் சரிந்து நிற்பதைப் பார்த்துப் பராமரிப்புக் குறைவென்று பலர் எண்ணுவர். அது அம்மரத்தின் இயல்பு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, குக் பைன் பூமத்திய ரேகையை நோக்கிச் சராசரி எட்டரைப் பாகை சாய்கிறது. வடபாதியில் தெற்கே, தென்பாதியில் வடக்கே. வெப்பவலய நாடுகளில் நோபோக் பைன் என விற்கப்படுவனவற்றிற் பல குக் பைன்களே. குறுகிய தூண்போல் உயர்ந்து சரிந்தால் குக் பைன். அகன்ற கூம்பாய் நிமிர்ந்து நின்றால் நோபோக்.

வீட்டில் வளர்ப்போருக்குச் சில செய்திகள். சட்டியில் இருக்கும்வரை அடக்கமான கன்றுதான். நிலத்தில் இறக்கினால், தாயகத்தில் 50 மீற்றருக்கும் மேல் வளரும் மரம் என்பதை மறக்கலாகாது. பத்துப் பேர்ச்சஸ் காணியில், மின்கம்பிக்குக் கீழே நடுவது பேரப்பிள்ளைகளுக்கு வைக்கும் வில்லங்கம். வளர்ந்தபின் உச்சியை வெட்டிக் குள்ளமாக்க முனைந்தால் அந்தக் கூம்பு வடிவம் கெட்டுவிடும். சட்டியிலேயே வைப்பதானால் நல்ல வெளிச்சமும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கீழ்க்கிளைகள் உதிரும், உதிர்ந்த இடத்தில் புதியவை வாரா. ஒரே சட்டியில் மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நட்டு, அடர்ந்த மரமாகக் காட்டி விற்பதுமுண்டு. வாங்குமுன் அடியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பதிவைத்துக் கன்று எடுக்க விரும்புவோர் நுனிக்குருத்தையே எடுக்கவேண்டும். பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்விடும். ஆனால் அது மரமாக நிமிராது, தான் இன்னும் கிளையே என்றெண்ணி ஆயுள் முழுவதும் நிலத்துக்குக் கிடையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.