லிவிங்ஸ்டோனியாவின் ஆசிரியர்கள்

ஆப்பிரிக்கச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் ஐரோப்பிய மிஷனரிகள் என்பது பொதுவான நம்பிக்கை. மலாவியின் லிவிங்ஸ்டோனியா மிஷன் வரலாறு அதைப் பாதிதான் மெய்ப்பிக்கிறது. 1873இல் இறந்த டேவிட் லிவிங்ஸ்டனின் நினைவாக ஸ்காட்லாந்து சுதந்திர சபை 1875இல் மலாவி ஏரியின் தென்கரையில் இதை நிறுவியது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து கறுப்பின ஊழியர்கள் நால்வர் வந்து சேர்ந்தனர். அவர்களில் வில்லியம் கோயி, கோசா இனத்தவர். ஏரிக்கு மேற்கே ஆண்ட ங்கோனியரின் முன்னோரும் தெற்கிலிருந்து வந்தவர்களே. அவர்கள் பேச்சு கோயிக்கு அந்நியமல்ல. ங்கோனியரின் அரசர் ம்பெல்வா மிஷனைத் தங்க அனுமதித்தாரே தவிர, பள்ளி நடத்த நெடுநாள் இசையவில்லை. கோயி இளைஞர் சிலருக்கு இரவில் மறைவாகக் கற்பித்தார். 1886இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு கோயி இறந்தார். அவரிடம் படித்த மாவெலேரா, மக்காரா தெம்போ சகோதரர்கள் 1890இல் ஞானஸ்நானம் பெற்றனர்.

மருந்தும் அச்சகமும் பணமும் ஸ்காட்லாந்திலிருந்துதானே வந்தன என்று கேட்கலாம். உண்மைதான். மருத்துவர் ராபர்ட் லாஸ் 1927 வரை அங்கே உழைத்தார். 1894இல் கொண்டோவே மேட்டுநிலத்தில் தொடங்கிய கல்விநிலையம் ஆசிரியர்களையும் தச்சர்களையும் உருவாக்கியது. ஆனால் ஒரு தலைமை நிலையத்தால் நூற்றுக்கணக்கான ஊர்களை எட்ட முடியாது. ஊர்ப் பள்ளிகளில் பாடம் சொன்னவர்கள் அங்கு பயின்ற ஆப்பிரிக்கரே. கட்டடங்களை எழுப்பியதில் ஊராரின் உழைப்பு பெரிது. காலனி அரசு முதன்முதலாக மிஷன் பள்ளிகளுக்கு உதவித்தொகை தந்தது 1907இல்தான். அதுவும் எல்லா மிஷன்களுக்குமாகச் சேர்த்து ஆயிரம் பவுண்டு.

மிஷன் பேரரசின் கைக்கருவி, அங்கே படித்தவர்கள் அதன் பணியாளர்கள் என்பது மற்றொரு வாதம். 1891இல் அந்நிலம் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்ததை மிஷன் வரவேற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே பயின்ற லெவி மும்பா 1912இல் வட நியாசா மக்கள் சங்கத்தை நிறுவ முன்னின்றார். அங்கே பயின்ற மற்றொருவரான கிளமென்ட்ஸ் கடாலி 1919இல் கேப்டவுனில் தொழிற்சங்கம் தொடங்கினார். கற்ற கல்வியை எதற்குப் பயன்படுத்துவது என்பதைக் கற்றவர்களே தீர்மானித்தார்கள்.

மிஷனின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடம் நடத்த ஆப்பிரிக்கரை நம்பிய அது, அதிகாரத்தைக் கொடுக்கத் தயங்கியது. முதல் ஆப்பிரிக்கப் போதகர்கள் மூவருக்கு 1914இல்தான் குருப்பட்டம் கிடைத்தது. மிஷன் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. அம்மூவரில் ஒருவரான எசாயா ம்வாசி 1933இல் பிரிந்து தனிச் சபை கண்டார். பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வெளியூரிலிருந்து வரும் எந்தக் குழுவையும் அது கொண்டுவந்த பொருளால் மட்டும் எடைபோட முடியாது. உள்ளூர் ஆசிரியருக்கு முடிவெடுக்கும் உரிமையை எப்போது கொடுத்தது என்பதும் கணக்கில் வரவேண்டும்.