கொடையும் குழாயும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வள்ளுவர் அமைத்த அதிகாரம் வான் சிறப்பு. மழையை வானம் தருகிறது. அதனைத் தேக்கி, மாசு படாமல் காத்து, மனைதோறும் சேர்ப்பது ஆட்சியின் கடமையாகிறது. ஒரு நகராட்சியின் திறத்தை அளக்க, அந்நகரின் எளிய குடிமகன் பருகும் தண்ணீரைக் காட்டிலும் சிறந்த அளவுகோல் வேறில்லை. கொடையாளரும் இருந்து, திட்டமும் இருந்து, சிங்கப்பூர் நகரம் குழாய்த் தண்ணீருக்காக இருபத்தோர் ஆண்டுகள் காத்திருந்த வரலாறு, பொதுப்பணி எவ்வாறு நிறைவேறுகிறது, எவ்வாறு தடைப்படுகிறது என்பதற்கு நல்லதொரு பாடமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர் விரைந்து வளர்ந்து வந்த துறைமுகம். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 80,000ஐத் தாண்டியிருந்தது. ஆயினும் மக்கள் நம்பியிருந்தவை கிணறுகளே. சாக்கடைகளுக்கு அருகில் தோண்டப்பட்ட கிணறுகளின் நீர் நோய்க்கு வித்தாயிற்று. மாட்டு வண்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து விற்போரும் இருந்தனர். ‘தண்ணீர் வண்டி’ எனப் பொருள்படும் கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயர், அக்காலத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

இக்குறையைப் போக்க முதலில் திட்டம் தீட்டியவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரலாம் என அவர் 1852இல் எடுத்துரைத்தார். திட்டம் ஏட்டளவில் நின்றது. 1853இல் தாம்சன் சிங்கப்பூரை விட்டு நீங்கினார்.

1857இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகர நீர்வழங்கலுக்கென 13,000 வெள்ளியை நன்கொடையாக அளிக்க முன்வந்தார். மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் பெரும்பொருள் ஈட்டிய இவர், சூய் எங் இலவசப் பள்ளியை நிறுவிய கொடையாளர். அந்நாளில் 13,000 வெள்ளி என்பது பெருந்தொகை. நகரம் மகிழ்ந்தது, தண்ணீர் விரைவில் வந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் நிகழ்ந்தது வேறு.

அதன் காரணத்தை அறிய, அன்றைய நகராண்மைக் கழகத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1856ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அக்கழகத்தில் அரசாங்கத்தைச் சார்ந்தோரும், வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தோரும் ஆணையர்களாக அமர்ந்தனர். தேர்வு பெற்றோர் தத்தம் தொழிலுக்கிடையே ஊர்ப்பணியைக் கவனித்த வணிகர்கள். வீட்டு வரியாகக் கிடைத்த சிறு வருவாயில் சாலைகளையும் விளக்குகளையும் கவனிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. பெருஞ்செலவுத் திட்டம் எதுவாயினும் ஆளுநரின் ஒப்புதலும், அவருக்கு மேலே கல்கத்தாவின் இசைவும் வேண்டியிருந்தன. பொறியியல் அறிவு அரசாங்கப் பொறியாளரிடம் இருந்தது. சாலை, பாலம், கட்டடம் முதலிய பணிகள் பலவற்றில் உழைத்தவர்களோ, 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொணரப்பட்ட கைதிகள். அவர்களும் அரசாங்கத்தின் ஆணைக்கே உட்பட்டிருந்தனர். ஆக, நகரின் தேவையை அறிந்தவர் ஒருவர். பணத்தை விடுவிப்பவர் ஒருவர். பணியை வகுப்பவர் மற்றொருவர். முழுப்பணிக்கும் பொறுப்பேற்று மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் எவர் என்னும் வினாவுக்கு விடை இல்லை.

விளைவு என்ன? திட்டங்கள் மாறின, மதிப்பீடுகள் வளர்ந்தன, ஆண்டுகள் உருண்டன. கொடைப்பணத்தின் பெரும்பகுதி பயனற்ற முயற்சிகளில் கரைந்ததாகப் பிற்காலத்தார் கூறுவர். 1864இல் டான் கிம் செங் காலமானார். தம் கொடையால் ஒரு குவளைத் தண்ணீரேனும் நகருக்கு வந்ததை அவர் காணவில்லை. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து, லண்டனிலிருந்த குடியேற்ற அமைச்சின்கீழ் வந்தன. முன்பு கல்கத்தாவை நோக்கிச் சென்ற கோரிக்கைகள் இனி லண்டனை நோக்கிச் செல்லலாயின.

1868இல் தாம்சன் சாலைக்கு அருகே நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. தேக்கத்தில் நீர் நிறைந்தது. நகருக்கோ நீர் வரவில்லை! நீரை ஏற்றி அனுப்பும் எந்திரங்களும் பகிர்ந்தளிக்கும் குழாய் அமைப்பும் ஆயத்தமாகவில்லை. அவை நிறைவேற மேலும் பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில், 1873இல், வாந்திபேதி நகரில் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. சில கல் தொலைவில் நீர் தேங்கி நிற்க, நகர மக்கள் மாசுற்ற கிணறுகளிலேயே நீர் மொண்டனர். 1878இல்தான் நீர்வழங்கல் முழுமை பெற்றது.

தாம்சன் செய்து முடித்த வேறொரு பணியை இதனோடு ஒப்பிடுதல் தகும். பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவில் உள்ள ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் நன்கொடையில் தோன்றியதே. கடல்வழி வரைஞர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் நினைவாக, 1836இல் காண்டன் வணிகர் அதற்குப் பொருள் திரட்டத் தொடங்கினர். இடமும் பொறுப்பாளரும் முடிவாகாத வரையில் அதுவும் ஆண்டுக்கணக்கில் தூங்கிற்று. தாம்சனிடம் பணி ஒப்படைக்கப்பட்டு, அவர் பாறையிலேயே தங்கி மேற்பார்வை செய்தபின், 1850இல் தொடங்கிய வேலை 1851இல் முடிந்தது. அலைகடல் நடுவே கல் அடுக்குதல், நிலத்தில் குழாய் பதிப்பதினும் எளிதன்று. வேறுபாடு பொறுப்பில் இருந்தது. முன்னதில் கணக்கும் கண்காணிப்பும் ஒருவர் கையில் இருந்தன. பின்னதில் அவை பலர் கையில் சிதறிக் கிடந்தன.

நீர்வழங்கல் நிறைவேறியபின், 1882இல் நகராண்மைக் கழகத்தார் டான் கிம் செங்கின் நினைவாக நீரூற்று ஒன்றை எழுப்பினர். இன்று அது எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. 2010இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. நீர்வழங்கல் செலவுக்கு அவர் அளித்த நன்கொடையை அதன் கல்வெட்டு போற்றுகிறது. கொடைக்கும் தண்ணீருக்கும் இடையே கழிந்த இருபத்தோர் ஆண்டுகளைப் பற்றி அது பேசவில்லை.

எனினும் நகரம் அப்பட்டறிவை அடியோடு மறந்துவிடவில்லை. 1883இல் ஜேம்ஸ் மெக்ரிச்சி நகராண்மைக் கழகப் பொறியாளர் பொறுப்பை ஏற்றார். நகரின் ஊழியராகவே பொறியாளர் ஒருவர் நீர்த்தேக்கத்தையும் பாலங்களையும் தொடர்ந்து கவனிக்கலானார். 1887ஆம் ஆண்டுச் சட்டம் நகரப் பகுதியை நாட்டுப்புறத்திலிருந்து பிரித்து, கழகத்திற்குச் சம்பளம் பெறும் தலைவரை வகுத்தது. மெக்ரிச்சியின் மேற்பார்வையில் நீர்த்தேக்கம் 1894இல் விரிவாக்கப்பட்டது. 1922இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் பெயர் பொறிக்கப்படாதவர் பலர் உண்டு. 1873இல் கைதிகளின் உழைப்பு முறை முடிவுற்றது. பின்வந்த ஆண்டுகளில் நகராண்மைக் கழகத்தின் கூலிப்பணியை ஏற்றவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். சாலையில் கல் பரப்பியும், சாக்கடை துப்புரவு செய்தும் நகரின் நலத்தைக் காத்த அவர்களுக்கு எந்த நீரூற்றும் எழுப்பப்படவில்லை. நீர்த்தேக்கம் பொறியாளர் பெயரையும் நீரூற்று வள்ளல் பெயரையும் தாங்கியுள்ளன. உழைத்தோர் பெயரைத் தாங்கிய கல் இல்லை.

பொதுப்பணி என்பது பணம் கிடைத்தவுடன் நிறைவேறுவதன்று. தெளிந்த மதிப்பீடு, தகுந்த ஒப்பந்தம், இடைவிடாத மேற்பார்வை, இறுதியில் ஒளிவுமறைவற்ற கணக்கு ஆகிய நான்கும் ஒன்றுசேர வேண்டும். அவற்றுள் ஒன்று குறையினும், அணை நிறைந்தும் குடம் நிறையாது. சிற்றூர்ச் சாலையாயினும் பெருநகரப் பாலமாயினும், ‘இதற்குப் பொறுப்பு யார்?’ என்னும் கேள்வி பணி தொடங்கும் நாளிலேயே எழ வேண்டும். கேட்கும் உரிமை வரி செலுத்தும் குடிமக்களுக்கு உண்டு. விடை கூறும் கடமை ஆள்வோர்க்கு உண்டு. அக்கேள்விக்கு 1857இலேயே விடை கிடைத்திருப்பின், டான் கிம் செங் தம் கொடையின் பயனைத் தம் வாழ்நாளிலேயே பருகியிருத்தல் கூடும்.