சந்தக்ஃபூ ஏற்றமும் முறிந்த ஆக்ஸிலும்

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், நேபாள எல்லையை ஒட்டி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து, அம்மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய 3,636 மீட்டர் சந்தக்ஃபூவுக்கு, சிங்காலிலா வனத்தின் ஊடாக 31 கிலோமீட்டர் தூரம் ஒரு பாதை ஏறிச் செல்கிறது. பாதை என்று மரியாதைக்குச் சொல்லலாமேயன்றி, நெடுங்காலம் அது கரடுமுரடான பாறைக் கற்களை நெருக்கிப் பதித்த ஒரு தளமாகவே இருந்து வந்தது. அதன்மீது மலைவாசிகளின் மூட்டை முடிச்சுகளையும், பிற்காலத்தில் காஞ்சன்ஜங்காவின் தரிசனத்துக்காக வந்த பிரயாணிகளையும் சுமந்து ஏறிய பெருமை, தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயத் துரைமார் 1950-களில் தருவித்து உபயோகித்து, நாடு திரும்பிய காலத்தில் விட்டுச் சென்ற லேண்ட் ரோவர் வண்டிகளையே சாரும்.

இவ்வண்டிகளின் வயதையும் உறுதியையும் சிலாகித்து எழுதியவர் அநேகர். அவற்றின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் முதலில் பார்க்க வேண்டியதோ, பின்சக்கரங்களுக்கு நடுவே, ஹவுசிங் என்னும் இரும்புக் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், ஆக்ஸில் எனப்படும் இரண்டு மெலிந்த உருக்குத் தண்டுகளைத்தான் என்பது என் கருத்து. இயந்திரத்தின் பலம் முழுவதும் பின்சக்கரங்களைச் சென்றடைவது அவற்றின் வழியாகவே. வண்டி நடுக்காட்டில் நின்றுபோவதும் பெரும்பாலும் அவற்றாலேயே.

அவை ஏன் மெலிந்திருந்தன என்பதற்கு வண்டியின் பிறப்பிலேயே காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கழிக்கப்பட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்தபின் அதனிடத்தில் வைக்கத் தம் நாட்டில் வேறு வண்டி இல்லையே என்ற எண்ணத்திலிருந்து எழுந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. யுத்தத்துக்குப் பிந்திய தட்டுப்பாட்டில் உருக்குத் தகடு கிடைக்காமையால் உடலை அலுமினியக் கலவையால் அமைத்தார்கள். செலவையும் காலத்தையும் சுருக்கும் பொருட்டு, எஞ்சின், கியர் பெட்டி முதலிய உறுப்புகளைத் தங்கள் கார்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நகரத்துச் சாலையில் நான்கு பேரைச் சுமந்து ஓடும் காரை மனத்தில் கொண்டு வகுத்த உறுப்புகள், மலையேறும் சுமைவண்டியின் அடியில் வந்து அமர்ந்தன. 1.6 லிட்டர் எஞ்சினோடு பிறந்த வண்டி, பத்தாண்டுகளில் 2.25 லிட்டர் எஞ்சினுக்கு வளர்ந்தது. பலம் ஏறிய அளவுக்குத் தண்டு தடிக்கவில்லை.

ஆக்ஸில் ஒரே அடியில் முறிவதாக நினைப்பது பிழை. முறியுமுன் அது பல காலம் முறுகுகிறது. இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதிக்குள் செருகப்பட்டுள்ள முனையில் தண்டைச் சுற்றி நேர்க்கோடாக வெட்டிய பத்துப் பற்கள் உண்டு. நாட்பட்ட தண்டை உருவிப் பார்த்தால், அக்கோடுகள் நேராக இராமல், திரித்த கயிற்றின் புரிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காணலாம். அவ்வாறு சாய்ந்த தண்டு மறுபடியும் வண்டியில் ஏறத் தகுந்ததன்று. டிஃபரன்ஷியல் நடுவில் இராமல் வலப்புறம் தள்ளி அமைந்திருப்பதால் இரு தண்டுகளும் ஒரே நீளமல்ல. நீண்டது சற்றே முறுகி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ள, குட்டையானது அந்த நெகிழ்ச்சியின்றி முதலில் பலியாகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்று, சுழலும் வேகத்தோடே கல்லில் பதியும் கணமே தண்டுக்கு எமகண்டம். வேகத்தைக் கொண்டு கல்லைத் தாண்ட நினைக்கும் ஓட்டுநரும், கிளட்சை வெடுக்கென்று விடும் ஓட்டுநரும் அதைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மானேபஞ்சாங் பாதையில், கைரிபாஸ் என்னும் இடத்திலிருந்து காலிபோக்ரி வழியாகச் சந்தக்ஃபூ வரையுள்ள பகுதி, சுமார் 12 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறுவது. அத்தகைய ஏற்றத்தில் பின் ஆக்ஸில் முறிந்தால், டணார் என்ற ஓசைக்குப் பிறகு எஞ்சின் வீணே இரைய, வண்டி பின்னோக்கி நழுவப் பார்க்கும். பழக்கமில்லாதவன் உடனே ஹேண்ட் பிரேக்கை நம்புவான், அங்கேதான் ஆபத்து. இவ்வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து செல்லும் தண்டைப் பிடிப்பது. பின் ஆக்ஸில் முறிந்துவிட்டால் அந்தப் பிடி பின்சக்கரங்களைச் சேர்வதில்லை. நான்கு சக்கர ஓட்டத்தில் இருந்தால் முன்சக்கரங்களையாவது பிடிக்கும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் பாரம் குறைந்து கிடப்பதால் அதுவும் போதாது. ஆகையால் காலைக் கால் பிரேக்கிலிருந்து எடுக்குமுன், கூட வந்தவன் இறங்கி நான்கு சக்கரங்களுக்கும் பின்னால் கல் முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

அதன்பின் செய்யவேண்டியது அச்சமூட்டுவதன்று. பிற்கால அமைப்பில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஆக்ஸிலன்று. ஹவுசிங்கின் முனையில் அமர்ந்த பேரிங்குகளே பாரத்தைத் தாங்க, ஆக்ஸிலுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. ஆகவே அது முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடுவதில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே, நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளை எடுத்தால், கியர் ஆயில் சொட்டச் சொட்டத் தண்டின் வெளிப்பாதி கையோடு வந்துவிடும். உள்ளே தங்கிய துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் இழுத்துப் பார்ப்பார்கள். வராவிட்டால் ஆயிலை வடித்து டிஃபரன்ஷியலையே கழற்ற வேண்டிவரும். அந்தத் துண்டை அப்படியே விட்டு ஓட்டினால், அது டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமாகிய கிரவுனின் பற்களுக்கிடையே சிக்கி, சிறு சேதம் பெருஞ்சேதமாகும். மாற்று ஆக்ஸில் கைவசம் இல்லையெனில், தண்டு இருந்த துளையைத் துணியால் இறுக மூடி, நான்கு சக்கர ஓட்டத்துக்குரிய மஞ்சள் குமிழை அழுத்தி முன்சக்கரங்களுக்கு இயக்கம் கொடுத்து, அவற்றின் இழுப்பிலேயே ஊர் திரும்பலாம். ஏற முடியாது, இறங்க முடியும்.

இவ்வளவு எளிதாக முறியும் தண்டை நிறுவனம் ஏன் திருத்தவில்லை என்று கேட்பது நியாயமே. நீண்ட உடலுள்ள வண்டிகளுக்குச் சாலிஸ்பரி என்ற பெரிய பின் ஆக்ஸில் 1970-களில் வழக்கமாயிற்று. குட்டை வண்டிகளோ பழைய மெல்லிய தண்டோடே காலத்தை ஓட்டின. மெலிந்த தண்டு தான் முறிந்து விலையுயர்ந்த கிரவுனைக் காக்கிறது என்று சொல்வாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பனிமூட்டத்தில், பள்ளத்தின் விளிம்பில் நின்றவனுக்கு அது சமாதானமாகாது. தண்டு இன்னும் தடித்தே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் குறையை ஈடுசெய்தவர்கள் மானேபஞ்சாங்கின் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களுமே. இங்கிலாந்திலிருந்து உதிரி உறுப்புகள் வருவது அரிதான காலத்தில், அவர்கள் 1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை உருவாக்கி வந்த மஹிந்திராவின் உறுப்புகளை நாடினார்கள். எந்த ஜீப்பை மாற்ற வேண்டி லேண்ட் ரோவர் பிறந்ததோ, அதே ஜீப்பின் வம்சத்திலிருந்து அதற்கு உதவி வந்தது. பல வண்டிகளில் பழைய பெட்ரோல் எஞ்சின் போய் மஹிந்திராவின் டீசல் எஞ்சின் அமர்ந்தது; அதைத் தாங்கச் சட்டத்தில் புதுத் தாங்கிகளைப் பற்றவைத்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு தேசத்து உறுப்புகளைப் பட்டறையிலேயே இசைவித்தார்கள். அண்மை ஆண்டுகளில் பாதையின் பல பகுதிகள் சிமெண்டுத் தளமாகி, பொலேரோ வண்டிகளும் ஏறத் தொடங்கியுள்ளன. பழைய லேண்ட் ரோவர்களுக்கு இனிக் கல்லின் உபத்திரவம் குறையும், சவாரியும் குறையும்.